குடும்பக் கதைகளைச் சொல்லி முடித்து விடைபெறுவது எப்படி: சேலம், சேர்வராயன் மலைக் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

பல வருடங்களாகக் குடும்பக் கதைகளைத் திரட்டி உறவுக்காரர்களிடம் சொல்லிவந்தவர், ஒரு கட்டத்தில் நிறுத்தத்தான் வேண்டியிருக்கிறது. வயது, வேலை, வெளியூர், அல்லது சொல்ல வந்ததைச் சொல்லியாயிற்று என்ற நிறைவு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தினால் நடப்பது இதுதான்: பெரியப்பா வீட்டிலிருந்து வாங்கிவந்த பாகப்பிரிவினைப் பத்திரம் உங்கள் பீரோவிலேயே தங்கிவிடும். ஊகமாகச் சொன்ன ஒரு தேதி அடுத்த தலைமுறையில் உண்மையாகிவிடும். அம்மாயி (அம்மாவின் அம்மா) பேசிய ஒலிப்பதிவு உங்கள் பழைய செல்போனோடு போய்விடும். விடைபெறுவதற்கு நாலு வரி நன்றி போதாது. கையில் இருப்பதையெல்லாம் கணக்குச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். அதற்குச் சுமார் 12 வாரம் பிடிக்கும்.

முதல் படி: நாளைக் குறியுங்கள், புதிய கதையை நிறுத்துங்கள்

உறவுகள் கூடும் நாளை ஒப்படைக்கும் நாளாக வையுங்கள். சேலத்துக்காரர்களுக்கு ஆடி மாதம் வசதி. கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வெளியூரில் இருப்பவர்களும் வந்துவிடுவார்கள். மலைக்காரர்களுக்கு மே மாதம் நடக்கும் சேர்வராயன் கோயில் திருவிழா. குலதெய்வக் கோயில் பொங்கல் இருந்தால் அதைவிட நல்ல நாள் இல்லை, பங்காளிகள் மொத்தமாக வருவது அங்கேதான். கல்யாண வீடு வேண்டாம். அங்கே யாருக்கும் உட்கார்ந்து கேட்க நேரம் இருக்காது.

அந்த நாளிலிருந்து 12 வாரம் பின்னால் எண்ணி, எல்லோருக்கும் ஒரு தகவல் அனுப்புங்கள்: "இன்ன தேதிக்கு மேல் புதிய கதை எடுக்கமாட்டேன். சொல்ல வேண்டியது, திருத்த வேண்டியது இருந்தால் இந்த ஆறு வாரத்துக்குள் சொல்லுங்கள்." இந்த அறிவிப்பு வந்ததும், இத்தனை நாள் வாய் திறக்காத பெரியவர்கள்கூடப் பேச ஆரம்பிப்பார்கள். அவர்களுக்காகவே அந்த ஆறு வாரம்.

இரண்டாம் படி: சொன்ன கதை ஒவ்வொன்றுக்கும் ஆதாரக் குறி போடுங்கள்

மொத்த வேலையில் பாதி இதுதான், அவசரப்படக் கூடாது. இதுவரை சொன்ன கதைகளை வரிசையாக எண்ணிட்டு, ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு குறி போடுங்கள்: "ப" என்றால் பத்திரம் அல்லது பதிவேட்டில் கண்டது, "கே" என்றால் ஒருவர் சொல்லக் கேட்டது, "ஊ" என்றால் நீங்களே ஊகித்தது. "கே" போட்டால் சொன்னவர் யார், அப்போது அவர் வயது என்ன, அவர் கண்ணால் பார்த்ததா அல்லது அவரும் கேட்டதா என்பதையும் எழுதுங்கள். ஊகத்தை அழிக்க வேண்டியதில்லை, ஊகம் என்று தெரிந்தால் போதும்.

தேதிகளில்தான் பிழை அதிகம். நம் பெரியவர்கள் வருடத்தைத் தமிழ் வருடப் பெயரால் சொல்வார்கள், அது 60 வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். பிரபவ என்றால் 1867, 1927, 1987 மூன்றுமே பொருந்தும். சுபானு என்றால் 1883, 1943, 2003. எது என்று தீர்மானிக்க ஊரறிந்த ஒரு நிகழ்ச்சி வேண்டும். "பிரபவ வருஷத்தில் பிறந்தேன், மேட்டூர் அணை திறக்கும்போது ஏழு வயசு" என்று ஒருவர் சொல்லியிருந்தால் 1927 உறுதி, அணை திறந்தது 1934 ஆகஸ்டில். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: தமிழ் வருடம் சித்திரையில் தொடங்குகிறது. பிரபவ வருடம் தை மாதம் பிறந்தவர் 1928 ஜனவரி அல்லது பிப்ரவரியில் பிறந்தவர். 1927 என்று எழுதினால் ஒரு வருடம் தவறிவிடும்.

சேலம் பக்கத்துக்கு உதவும் மற்ற நிகழ்ச்சிகள்: 1876 தொடங்கிய தாது வருஷப் பஞ்சம், 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது, 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூடு, 1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசா வந்தது, கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிந்தது. "தாத்தா கள்ளுக்கடை ஏலம் எடுத்தார்" என்ற கதை சேலம் மாவட்டத்தில் 1938ல் நடந்ததாகச் சொல்லப்பட்டால், ஆளோ வருடமோ ஊரோ ஏதோ ஒன்று மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை "ப" என்று குறிக்காதீர்கள். முந்தைய தலைமுறைக்கு அது பெரும்பாலும் சேர்க்கும் அன்று வாத்தியார் போட்ட தேதி. ஜாதகம் இருந்தால் அதையே நம்பலாம்.

மூன்றாம் படி: விடுபட்ட பதிவுகளைக் கடைசியாக ஒருமுறை தேடுங்கள்

எல்லாவற்றையும் தேட வேண்டாம். "ஊ" குறி போட்டவற்றில் குடும்பத்துக்கு முக்கியமான ஐந்தாறை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறப்பு, இறப்புக்கு முதலில் கிராம நிர்வாக அலுவலரைக் கேளுங்கள். பழைய பதிவேடுகளுக்கு தாலுகா அலுவலகம் அல்லது சார்பதிவாளர் அலுவலகம், நகரத்துக்குள் என்றால் மாநகராட்சி. பலர் தேடித் தோற்பதற்குக் காரணம் ஊரைத் தவறாகத் தேடுவது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்கும், எனவே மூத்த பிள்ளையின் பிறப்பு அப்பாவின் ஊரில் இருக்காது. அம்மா பிறந்த ஊர்ப் பதிவேட்டில் இருக்கும். பழைய பதிவுகளில் குழந்தையின் பெயரும் இருக்காது. "ஆண்" அல்லது "பெண்" என்று மட்டும் போட்டு, பெற்றோர் பெயர் இருக்கும். பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது; அப்பா பெயர், மாதம் இரண்டையும் வைத்துத் தேட வேண்டும்.

மாவட்ட எல்லையையும் பாருங்கள். தருமபுரி 1965 அக்டோபர் வரை சேலம் மாவட்டம்தான், இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டமும் அதற்குள் அடக்கம். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பிரிந்தது 1997ல். பழைய பத்திரத்தில் "சேலம் ஜில்லா" என்று இருப்பதை வைத்து இன்றைய சேலத்தில் ஊரைத் தேடி அலைய வேண்டாம்.

நிலத்தில் நம் பகுதிக்கென்று ஒரு சிக்கல் உண்டு. 1802 வாக்கில் சேலம் மாவட்டத்தின் பெரும்பகுதியை மிட்டாக்களாக, அதாவது சிறு ஜமீன்களாகப் பிரித்து மிட்டாதாரர்களிடம் விட்டார்கள். மிட்டா கிராமங்களில் உழுதவர்களின் பெயர் அரசுக் கணக்கில் ஏறாமல் மிட்டாதாரர் கணக்கிலேயே இருந்தது. 1948ஆம் வருட எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு எடுத்த செட்டில்மென்ட் பதிவேட்டில், அதாவது எஸ்.எல்.ஆரில், அந்தக் குடும்பங்கள் முதன்முதலாக அரசுக் கணக்கில் தெரிகின்றன. அதற்கு முன் தேடி எதுவும் கிடைக்கவில்லை என்றால் அந்தக் குடும்பத்துக்கு நிலம் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. அடுத்த கட்டம் 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டம், எல்லோரும் யு.டி.ஆர் என்பது. அப்போது பெயர்களில் எழுத்துப் பிழையும் ஆள்மாற்றமும் நிறைய நடந்திருக்கின்றன. யு.டி.ஆர் பட்டாவை மட்டும் வைத்து உறவு சொல்லக் கூடாது.

வில்லங்கச் சான்று இணையத்தில் பொதுவாக 1975க்குப் பிறகுதான் கிடைக்கும். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுக் கையால் தேடச் சொல்ல வேண்டும். கிடைக்கும் பத்திரங்களில் பாகப்பிரிவினைப் பத்திரம்தான் தங்கம்: பங்காளிகள் அத்தனை பேரும், அப்பா பெயரோடு, ஒரே தாளில் இருப்பார்கள். கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை வரியைப் படியுங்கள். வடக்கே, கிழக்கே என்று வரும் பக்கத்து நிலக்காரர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்களே.

சேர்வராயன் மலையில் காபித் தோட்டம் 1820களில், கலெக்டர் காக்பர்ன் காலத்தில் தொடங்கியது. தோட்ட வேலை செய்த குடும்பங்களுக்கு நிலப் பதிவு உதவாது. தோட்டத்தின் வருகை, கூலிப் பதிவேடான செக்ரோல் புத்தகம், வருங்கால வைப்பு நிதியின் வாரிசு நியமனப் படிவம் இரண்டையும் கேளுங்கள். படிவத்தில் மனைவி, பிள்ளைகள் பெயர், வயது எழுதியிருக்கும். கிறிஸ்தவக் குடும்பங்கள் பங்குக் கோயிலின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைப் பார்க்கலாம். கல்லறைக் கல்வெட்டைப் படம் எடுப்பவர்கள் காலை வெயில் சாய்ந்து விழும்போது எடுங்கள், எழுத்து தானாகத் தெரியும். சாக்பீஸ், மாவு எதையும் தேய்க்காதீர்கள், கல் அரித்துவிடும்.

கடல் கடந்து போன கிளை இருந்தால் நம்பிக்கை இழக்க வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பட்டியல்களில் பெயர், அப்பா பெயர், வயது, ஜில்லா, தாலுகா, ஊர், சாதி, உடம்பிலுள்ள மச்சம் தழும்புவரை எழுதியிருக்கிறார்கள். இலங்கையிலிருந்து 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி திரும்பியவர்களுக்கென்று தனிக் குடும்ப அட்டை (ரேஷன் அட்டை அல்ல) கொடுக்கப்பட்டது, அதை முதலில் கேளுங்கள்.

வீட்டிலேயே இருக்கும் ஆதாரத்தை விட்டுவிடாதீர்கள். மொய் நோட்டு. ஒரு கல்யாணத்தின் மொய் நோட்டில் உறவுக்காரர் பெயர், ஊர், தொகை மூன்றும் இருக்கும். இரண்டு தலைமுறை மொய் நோட்டை அடுத்தடுத்து வைத்தால் எந்த ஊர் உறவு எப்போது அறுந்தது என்பது தெரியும்.

நான்காம் படி: எதைச் சொல்லக் கூடாது என்று கேட்டு முடிவெடுங்கள்

நீங்கள் இருக்கும்வரை ஒரு கதையை யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் விலகியபின் அந்தக் கட்டுப்பாடு போய்விடும். எனவே உயிரோடிருப்பவர்களைப் பற்றிய தகவல் ஒவ்வொன்றுக்கும் அவர்களிடமே சம்மதம் கேளுங்கள். தத்து, இரண்டாம் தாரம், சாதி மாறிய கல்யாணம், தற்கொலை, நிலத் தகராறு இந்த ஐந்திலும் வாய்வார்த்தைச் சம்மதம் போதாது. எழுதி வாங்குங்கள், அல்லது அந்தப் பகுதியைத் தனி உறையில் போட்டு எந்த வருடம் திறக்கலாம் என்று மேலே எழுதுங்கள். கோர்ட்டில் வழக்கு நடக்கும் சொத்தைப் பற்றிய கதையை இப்போது வெளியிடவே வேண்டாம். ஆதார் எண், வங்கி எண், பட்டா எண் எதுவும் கதைப் பக்கத்தில் இருக்கக் கூடாது.

கடிதங்களுக்குச் சட்டமும் உண்டு. கடிதத் தாள் உங்கள் கையில் இருந்தாலும் அச்சிடும் உரிமை எழுதியவருக்கும், அவருக்குப் பின் அவர் வாரிசுகளுக்கும் உரியது.

மலையிலுள்ள மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் உரிமை கோரும்போது பெரியவர்களின் எழுத்து வடிவ வாக்குமூலமும் வம்சாவளியும் சாட்சியாக ஏற்கப்படும். அதனால் ஊர், காடு, நிலம் பற்றிப் பெரியவர்கள் சொன்னதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி, தேதியும் கையெழுத்தும் அல்லது கைநாட்டும் வாங்கி வையுங்கள். கதை நடைக்காக மாற்றி எழுதிய பிரதி இதற்கு உதவாது.

ஐந்தாம் படி: படம், பத்திரம், குரல் மூன்றையும் நகலெடுங்கள்

புகைப்படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து டிஃப் கோப்பாக வையுங்கள். 4க்கு 6 அங்குலப் படம் ஒன்று சுமார் 26 எம்பி வரும். பாஸ்போர்ட் அளவுப் படங்களுக்கு 1200 டிபிஐ, பத்திரிகைக்கும் பத்திரத்துக்கும் 400 போதும். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரையும் பென்சில் குறிப்பும் அங்கேதான் இருக்கும்.

ஏற்காட்டு வீடுகளில் ஈரப்பதம் பெரிய எதிரி. சட்டம் போட்ட படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிரிக்கவே பிரிக்காதீர்கள், படத்தின் மேல்தோல் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடி மேலேயே, வெளிச்சம் பக்கவாட்டில் படும்படி வைத்துப் படம் எடுங்கள். பூஞ்சை பிடித்த படத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். நிழலில் நன்றாக உலரவிட்டு மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். லேமினேஷன் வேண்டாம், செல்லோ டேப் வேண்டாம், பாச்சை உருண்டை படத்தைத் தொடக் கூடாது. பட்டர் பேப்பரில் தனித்தனியாகச் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடும் டப்பாவில் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் பொட்டலத்தை மாற்ற வேண்டும்.

குரல் பதிவை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பாக வையுங்கள். மோனோவில் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 520 எம்பி. செல்போனில் ஏற்கெனவே எம்பி3ஆகப் பதிந்ததை வேவாக மாற்றிப் பயனில்லை, மூலக் கோப்பை அப்படியே வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும், எனவே "டாக்குமென்ட்" என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். வீட்டில் சௌராஷ்டிரம், தெலுங்கு, கன்னடம் பேசும் நெசவாளர் குடும்பங்கள் பெரியவர்களின் பேச்சை அந்த மொழியிலேயே பதியுங்கள், தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்காதீர்கள். தமிழுக்கு மாறும்போது உறவு முறைச் சொற்களே மாறிவிடும்.

மூன்று பிரதி வேண்டும்: ஒன்று ஹார்ட் டிஸ்கில், ஒன்று வேறு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு ஊரில். பென்டிரைவை நிரந்தரப் பிரதியாக எண்ண வேண்டாம், வருடக்கணக்கில் மின்சாரம் காணாமல் கிடந்தால் அதிலுள்ளது அழியக்கூடும்.

ஆறாம் படி: வம்சாவளியை எண்ணால் கட்டுங்கள்

அக்கா மகளை மணந்தவர், அத்தை மகனை மணந்தவர் நம் குடும்பங்களில் நிறையப் பேர். மரம்போல் வரைந்தால் கிளைகள் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும், ஒரே ஆள் இரண்டு இடத்தில் வருவார். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துவிட்டால் இந்தக் குழப்பம் தீரும். பெயர் மாறினாலும் எண் மாறாது. கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருள் இப்படித் திரும்பி ஒட்டும் உறவுகளையும் ஏற்கும். வேலை முடிந்ததும் ஜெட்காம் வடிவிலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள், அதை வேறு எந்த வம்சாவளி மென்பொருளும் படிக்கும்.

குறிப்புகளில் அப்பாரு (அப்பாவின் அப்பா), அப்புச்சி (அம்மாவின் அப்பா), அம்மாயி என்று மட்டும் எழுதியிருந்தால் பக்கத்தில் பெயரையும் எண்ணையும் சேருங்கள். உங்கள் அப்பாரு, படிக்கும் பேரனுக்கு யார் என்று அவனுக்குத் தெரியாது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயரும் ஒரே இனிஷியலும் ஒன்றுவிட்ட தலைமுறையில் திரும்ப வரும், அங்கேயும் எண்தான் காப்பாற்றும். மருமகள்களுக்குப் பிறந்த ஊரும் அப்பா பெயரும் எழுதாத வம்சாவளி பாதி வம்சாவளி.

ஏழாம் படி: அச்சுப் பிரதி

டிஜிட்டல் பிரதி மட்டும் போதாது. டெமி அளவு, 80 ஜிஎஸ்எம் தாள், படப் பக்கங்களுக்கு 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர். பக்க எண்ணிக்கை 16இன் மடங்காக இருந்தால் தாள் வீணாகாது. பைண்டிங் தையல் போட்டதாக இருக்கட்டும், பசை மட்டும் போட்டது மலை ஈரத்தில் பக்கம் பக்கமாகக் கழன்றுவிடும். 100 பிரதிக்குக் குறைவென்றால் டிஜிட்டல் அச்சு கட்டும். கடைசி எட்டுப் பக்கத்தை வெறுமையாகக் கோடு போட்டு விடுங்கள், பிறப்பு இறப்பு எழுத அது வேண்டும்.

அச்சகத்தில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால், பின்னாளில் அந்தக் கோப்பில் எதையும் தேட முடியாது. யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள், எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப்பையும் கேட்டு வாங்குங்கள். மாற்றிய கோப்பில் கொம்பு எழுத்துகள், அதாவது கெ, கொ, கௌ, சரியாக வந்திருக்கின்றனவா என்று ஒரு பக்கமாவது எழுத்துக்கூட்டிப் பாருங்கள்.

எட்டாம் படி: ஒப்படைப்பு

இரவல் வாங்கிய மூலங்களை முதலில் திருப்பிக் கொடுங்கள். ஒரு நோட்டில் பொருள், யாரிடம் வாங்கியது, திருப்பிய தேதி, பெற்றவர் கையெழுத்து என்று நான்கு கட்டம் போடுங்கள். கொடுத்தவர் இறந்திருந்தால் எந்தப் பிள்ளையிடம் கொடுப்பது என்பதை எல்லாப் பிள்ளைகளையும் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். முக்கியமாகச் சொத்துப் பத்திரம். தெரியாமல் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அண்ணன் தம்பிக்குள் சண்டை மூட்டியவர் என்ற பெயர் உங்களுக்கு வேண்டாம்.

பொறுப்பாளர்கள் இரண்டு பேர் இருக்கட்டும், ஒருவர் ஊரில், ஒருவர் வெளியூரில். முடிந்தால் ஒருவர் 40 வயதுக்குள், ஒருவர் மகள் வழியில். மகன் வழிக்கே கொடுத்துவந்தால் பெண் வழிக் கதைகள் இரண்டு தலைமுறையில் மறைந்துவிடும். கடவுச்சொற்களைத் தாளில் எழுதி மூடிய உறையில் கொடுங்கள்.

பொது இடத்துக்கும் ஒரு பிரதி போகட்டும். சேலம் மாவட்ட மைய நூலகம், சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆகிய இடங்களில் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, ஏற்றுக்கொண்டால் கொடுங்கள். மூடிய உறைப் பகுதி அந்தப் பிரதியில் இருக்கக் கூடாது.

ஒன்பதாம் படி: விடைபெறும் கடிதம்

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கூட்டத்தில் நீங்களே வாசியுங்கள், வராதவர்களுக்கு அன்றே அனுப்புங்கள். இப்படி எழுதலாம்:

"பெரியவர்களுக்கு வணக்கம். பங்காளிகளுக்கும், மாமன் மச்சான்களுக்கும், அத்தை, சின்னம்மா எல்லோருக்கும் அன்பு. இத்தனை நாள் நம் குடும்பக் கதைகளை நான் சேர்த்து வந்தேன். இன்றோடு அந்தப் பொறுப்பை விடுகிறேன். மொத்தம் இத்தனை கதைகள். இதில் இத்தனை பத்திரத்தில் கண்டது, இத்தனை கேட்டது, இத்தனை என் ஊகம். வாங்கிய பொருள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், பட்டியல் இணைத்திருக்கிறேன். உங்கள் பொருள் விடுபட்டிருந்தால் ஒரு மாதத்துக்குள் சொல்லுங்கள். இனி கேட்க வேண்டியதை இன்ன இருவரிடம் கேளுங்கள். கதை சொல்லிவிட்டு இப்போது நம்மிடையே இல்லாதவர்கள் இவர்கள்." இதற்குக் கீழே அவர்கள் பெயரை மூப்பு வரிசையில் எழுதி வாசியுங்கள். கூட்டம் எழுந்து நிற்கும், அவசரமாக முடிக்காதீர்கள்.

விலகும் காரணத்தை எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. மனக்கசப்பு இருந்தால் அது கடிதத்தில் வரவே கூடாது, 50 வருடம் கழித்தும் அது படிக்கப்படும். "மறுபடி வருவேன்" என்று எழுதாதீர்கள். எழுதினால் பொறுப்பாளர்களிடம் யாரும் போகமாட்டார்கள், எல்லோரும் உங்களுக்காகவே காத்திருப்பார்கள்.

கடிதத்துக்குப் பிந்தைய ஒரு மாதம் பிழைகளை மட்டும் வாங்குங்கள். புதிய கதையோடு போன் வரும், நிச்சயம் வரும், அதுவும் எண்பது வயதுப் பெரியம்மாவிடமிருந்து வரும். மறுக்காதீர்கள், நீங்களும் எழுதிக்கொள்ளாதீர்கள். பொறுப்பாளரை அதே அழைப்பில் சேர்த்து, பெரியம்மாவின் அனுமதி கேட்டு, அவரையே பதியச் சொல்லுங்கள். இரண்டாவது முறை அவர் நேராகப் பொறுப்பாளருக்கே போன் செய்வார்.